உப்புக் காற்றில் கறுப்புச் சக்கரம்

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில் முத்தையாபுரம், முள்ளக்காடு பக்கம் வந்துவிட்டால் கண்ணுக்கு எட்டும் தூரம் உப்பளம்தான். அம்பாரம் அம்பாரமாகக் குவித்து ஓலை வேய்ந்த உப்பு, அதை ஏற்றிப் போகும் லாரிகள், லாரியிலிருந்து சிந்தி ரோட்டோரம் வெளுத்துக் கிடக்கும் துகள். இந்த வழியில் ஓடும் வண்டிக்கு முதுமை முகத்தில் தெரிவதில்லை, காலில் தெரிகிறது. பானட் பளபளப்பு மாறாமல் இருக்கும்போதே ரிம் பொரிந்து, நட்டுகள் செம்பழுப்பாகிவிடும்.

அப்படிப் பொரிந்த சக்கரத்துக்குக் கறுப்பு அடிப்பதில் இரண்டு கட்சி உண்டு. காரும் பைக்கும் வைத்திருக்கும் இளைஞர்களுக்கு அது ஸ்டைல்: மேட் பிளாக், கிளாஸ் பிளாக், அதில் சிவப்புக் கோடு. சரக்கு வண்டிக்காரர்களுக்கு அது பிழைப்பு. ரிம் இன்னும் சில வருஷம் தாங்க வேண்டும். வேலை ஒன்றுதான். ஆனால் உள்நாட்டு ஊர்களில் செய்வதுபோல் இங்கே செய்தால் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. இந்தக் கரையில் கறுப்பு என்பது கடைசி அரை மணி நேர வேலை. சக்கரத்தின் ஆயுளை முடிவு செய்வது அதற்கு முந்தைய வேலைகள்.

முதலில் எதிரியைப் பார்க்கலாம். காய்ந்த உப்பு உலோகத்தை ஒன்றும் செய்யாது; அதற்கு ஈரம் வேண்டும். சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டியதும் தானே கசிந்து நீராகிவிடும். கடலோர இரவுகளில் அந்த அளவு சர்வ சாதாரணம். இதைவிடப் பொல்லாதது, உப்பு வாரிய பிறகு பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீர். அதில் நிறைந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு 33 சதவீத ஈரப்பதத்திலேயே நீர்த்துப்போகும். கடற்கரைக் காற்று அதற்குக் கீழே வறள்வது அபூர்வம். அந்தச் சேறு ஒட்டிய ரிம் நட்டநடு வெயிலில் நின்றாலும் உள்ளுக்குள் எளிதில் காய்வதில்லை என்று அர்த்தம்.

அரிமானத்தை ஆராய்வதற்கென்றே காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய நிறுவனம். மண்டபத்திலும் தூத்துக்குடித் துறைமுகப் பகுதியிலும் அதற்குக் கிளை மையங்கள் உண்டு. உலோகத் தகடுகளைக் கடற்காற்றிலும் கடல்நீரிலும் போட்டு, எது எவ்வளவு அரிபடுகிறது என்று அளப்பது அங்கே நடக்கும் வேலைகளில் ஒன்று. பெயிண்ட் கம்பெனிகளோ பெட்டிக்குள் சோதிப்பார்கள். 35 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 5 சதவீத உப்புநீரைப் பனியாகத் தூவி, எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று கணக்கெடுப்பார்கள். கடல்நீரில் உப்பு சுமார் மூன்றரை சதவீதம்தான் என்பதால் சோதனை கடுமையாகத் தோன்றும். ஆனால் அந்தப் பெட்டிக்குள் ஜல்லி தெறிப்பதில்லை, ரிம் குழியில் இறங்குவதில்லை, டயர் கழற்றும் கம்பி விளிம்பைக் கீறுவதில்லை. விளம்பரத்தில் ஆயிரம் மணி நேரம் என்று போட்டிருந்தால் அதைப் பாதியாகக் கேட்டுக்கொள்வது நல்லது.

இரும்பு டிஸ்கும் அலாய் வீலும் அரிபடும் விதம் வேறு. இரும்பில் துரு வெளிப்படையாக வரும், பெயிண்டை உப்பவைத்துத் தூக்கும். அலுமினிய அலாயில் திருட்டுத்தனம் அதிகம். கல் பட்டு மேல்பூச்சில் ஊசிமுனை அளவு ஓட்டை விழும். அதன் வழியே இறங்கும் உப்பு, பூச்சுக்கு அடியில் வெள்ளை இழை இழையாக வளைந்து நெளிந்து ஊர்ந்து போகும், மரத்தைக் கறையான் அரிப்பதுபோல. முகத்தை மட்டும் மெஷினில் கடைந்து மினுங்கவிட்டு, மேலே கண்ணாடிபோல் லேக்கர் அடித்த ‘டைமண்ட் கட்’ சக்கரங்களில் இது சீக்கிரம் வரும். கடைந்த கூர் விளிம்பில் லேக்கர் தங்காமல் மெலிந்துவிடுவதுதான் காரணம். ஷோரூமில் கூடுதல் விலைக்கு வாங்கிய அந்த மினுக்கத்தை முழுக்கக் கறுப்பாக்கிவிடச் சொல்லி வண்டிக்காரர்கள் பட்டறைக்கு வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, ஏன் கறுப்பு? பெயிண்டுக்குக் கறுப்பைக் கொடுப்பது கார்பன் பிளாக், அதாவது எண்ணெயை அரைகுறையாக எரித்துப் பிடிக்கும் கரித்தூள். டயர் கறுப்பாக இருப்பதும் அதனால்தான். வெயிலின் புற ஊதாக் கதிரை அது தானே வாங்கிக்கொள்வதால் அடியிலிருக்கும் பிசின் சீக்கிரம் வெளிறுவதில்லை. ஃபோர்டு கம்பெனி தன் மாடல் டி காரை 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டுமே விற்றது. நிலக்கீல் கலந்த ‘ஜப்பான் பிளாக்’ என்னும் பூச்சை அடுப்பில் சுட்டு இறுக்குவது அந்தக் காலத்து முறை. அடுப்பில் சுட்ட கறுப்பு எனாமலில் நம் ஊரில் தலைமுறை தலைமுறையாக ஓடியது சைக்கிள்.

மற்ற ஊர்களில் கறுப்புச் சக்கரம் அழுக்கை மறைக்கும் என்பார்கள். பிரேக்கிலிருந்து உதிரும் கருந்தூள் அதில் தெரியாது. தூத்துக்குடியில் அது பாதி உண்மை. துறைமுகத்து நிலக்கரித் தூசு மறையும், உப்பளத்து வெள்ளை பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். அதுவும் நல்லதுக்குத்தான். உப்பு கண்ணில் பட்டால்தானே கழுவத் தோன்றும்.

கறுப்பும் வெள்ளையும் இந்தக் கரையில் ஏற்கெனவே கலந்தவை. கடற்கரையில் கருமணலாகக் கிடக்கும் இல்மனைட், டைட்டானியமும் இரும்பும் சேர்ந்த தாது. ஆறுமுகநேரிக்குப் பக்கத்திலுள்ள சாகுபுரம் டி.சி.டபிள்யூ. ஆலை, இல்மனைட்டிலிருந்து இரும்பைப் பிரித்துச் செயற்கை ரூட்டைல் தயாரிக்கிறது. உலகத்து வெள்ளைப் பெயிண்டுக்கெல்லாம் வெண்மை தரும் டைட்டானியம் டை ஆக்சைடுக்கு அது மூலப்பொருள். முத்து நகரமான தூத்துக்குடிக்காரர்கள் விரும்பிக் கேட்கும் ‘பேர்ல் பிளாக்’ பெயிண்டில் முத்து கிடையாது. மைக்கா செதில்மேல் இதே டைட்டானியம் டை ஆக்சைடை மெல்லப் போர்த்தினால் அந்த மினுமினுப்பு வந்துவிடும்.

இதே மணலில் செம்மணியாகக் கிடப்பது கார்னெட். பழைய பெயிண்டையும் துருவையும் காற்றழுத்தத்தால் அடித்து உரிக்க உலகமெங்கும் பயன்படும் சரக்கு அது. திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிக் கரைகளிலிருந்து கப்பல் கப்பலாகப் போய்க்கொண்டிருந்தது. 2013இல் தமிழக அரசு தாது மணல் எடுக்கத் தடை விதித்தது. சாதாரண ஆற்று மணலால் ‘சாண்ட் பிளாஸ்டிங்’ செய்தால் பறக்கும் சிலிக்காத் தூள் நுரையீரலைக் கல்லாக்கிவிடும், சிலிக்கோசிஸ் வரும். கார்னெட்டில் அந்த ஆபத்து மிகக் குறைவு.

உரிப்பதில்தான் பாதி வேலை. டயரைக் கழற்றி, வால்வை எடுத்து, எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, பிறகுதான் பிளாஸ்டிங். உப்புப் படிந்த ரிம்மைக் கழுவாமல் அடித்தால் உப்பு போகாது. உலோகத்துக்குள் இன்னும் ஆழமாகக் குத்தி இறங்கும். உரித்த இரும்பு இந்த ஊர்க் காற்றில் சில மணி நேரத்திலேயே மஞ்சள் பூக்கும். ஆகவே காலையில் உரித்ததற்கு அன்றைக்கே பிரைமர் ஏற வேண்டும். வெறும் கையால் தொடுவதும் கூடாது, வியர்வையும் உப்புதான். இரும்புக்குத் துத்தநாகம் கலந்த எபாக்சி பிரைமர் நல்லது. அலுமினியத்துக்கு முன்பெல்லாம் குரோமேட் குளியல் கொடுத்தார்கள். அந்தக் குரோமியம் புற்றுநோய் தரும் என்பதால் சிர்கோனியம் சேர்ந்த கரைசல்கள் இப்போது அந்த இடத்துக்கு வருகின்றன. சில பட்டறைகளில் இந்தக் குளியலே கிடையாது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தின்னரால் துடைத்து, நேரே கறுப்பு. சாயங்காலம் பார்த்தால் இரண்டு வேலைக்கும் ஒரு வித்தியாசமும் தெரியாது.

கறுப்பை ஏற்ற வழி இரண்டு: பவுடர், பெயிண்ட். பவுடர் கோட்டிங் 1950களில் ஜெர்மனியில் எர்வின் கெம்மர் கண்டுபிடித்த வழியிலிருந்து வளர்ந்தது. அவர் சூடாக்கிய உலோகத்தைப் பிசின் தூளுக்குள் முக்கினார். இன்றைக்கு, துப்பாக்கியிலிருந்து வரும் தூளுக்குப் பல்லாயிரம் வோல்ட் மின்னேற்றம் கொடுத்து, எர்த் செய்த ரிம்மின்மேல் ஒட்டவைக்கிறார்கள். பிறகு 180 முதல் 200 டிகிரி அடுப்பில் கால் மணி நேரம்போல வைத்தால் தூள் உருகி ஒரே தோலாகிவிடும். தடிமன் 60, 80 மைக்ரான் வரும். தின்னர் வாடை இல்லை. சிந்திய தூளைத் திரும்ப எடுக்கலாம்.

குறை இல்லாமலும் இல்லை. மின்னேற்றிய தூள் மேடான இடத்தைத்தான் தேடிப் போகும். ஆரக்கால்கள் சேரும் மூலைமுடுக்கில் நுழையாது. உப்புச் சேறு போய் அடைவதோ அந்த மூலையில்தான். வார்ப்பு அலுமினியத்தின் நுண்துளைகளில் ஒளிந்திருக்கும் காற்றும் ஈரமும் அடுப்புச் சூட்டில் வெடித்துக் கிளம்பி, பூச்சில் ஊசித் துளை போடும். அதைத் தவிர்க்க, பவுடர் அடிக்கும் முன்பே ஒருமுறை வெறுமனே சுட்டு எடுக்க வேண்டும். அதே சமயம் அலாய் வீல், வெப்பத்தால் பதப்படுத்திப் பலம் ஏற்றப்பட்ட பொருள். 200 டிகிரியைத் தாண்டி நேரம் நீண்டால் அந்தப் பலம் இறங்கத் தொடங்கும். அடுப்பில் வெப்பமானி சரியாக இல்லாத பட்டறையில் அலாய் வீலைக் கொடுப்பதைவிடப் பெயிண்டே மேல்.

பெயிண்டைத் தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை. ஹார்ட்னர் கலந்து அடிக்கும் பாலியூரித்தேன், நல்ல பிரைமரின்மேல் ஏறினால் கடற்கரையில் மதிப்பாக உழைக்கும். கல் பட்ட இடத்தை மட்டும் தேய்த்துத் தொட்டுக்கொள்ளலாம். பவுடர் அடர்ந்த தோல் என்பதால் அந்த வசதி குறைவு, பெயர்ந்தால் பெரும்பாலும் முழுக்க உரித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் ஹார்ட்னரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது பெயிண்டருக்குத் தீராத ஆஸ்துமாவைக் கொண்டுவரும். மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிப்பவர்களைச் சாலையோரப் பட்டறைகளில் பார்க்க முடிகிறது. அதற்கு உரிய முகமூடியும் காற்றோட்டமும் இல்லாத இடத்தில் அந்த வேலையைச் செய்யவே கூடாது. இரண்டில் எது என்று கேட்டால், இரும்பு டிஸ்குக்குக் கண்ணை மூடிக்கொண்டு பவுடர். அலாய்க்குப் பட்டறையைப் பார்த்து முடிவு.

கறுப்பு அடித்தால் பிரேக் சூடு சீக்கிரம் ஆறும் என்று ஒரு பேச்சு உண்டு. மெருகிட்ட வெற்று அலுமினியம் வெப்பத்தைக் கதிராக வெளிவிடுவதில் கஞ்சன் என்பது மெய்தான். ஆனால் எந்த நிறப் பெயிண்டும் அந்தக் குறையை ஏறக்குறைய ஒரே அளவில் தீர்த்துவிடும். வெள்ளை அடித்தாலும் அதே பலன். சட்டத்தைப் பற்றியும் சிலர் தயங்குகிறார்கள். ஆர்.சி.யில் பதிவாவது வண்டி உடம்பின் நிறம், சக்கரத்தின் நிறம் அல்ல.

உயிர்ச்சேதம் வரை போகக்கூடிய தவறு ஒன்று இருக்கிறது. சக்கரம் ஹப்பில் உட்காரும் முகத்திலும் நட்டு இறுகும் குழியிலும் பூச்சு தடிமனாக ஏறக் கூடாது. ஏறினால், இறுக்கிய நட்டின் பிடி அந்தப் பூச்சின்மேல் விழும். ஓட ஓட, பிரேக் சூட்டில் பூச்சு நசுங்கி ஒதுங்க, நட்டு தளர்ந்துவிடும். சரக்கு லாரியின் பின்னால் சக்கரங்கள் ஜோடியாக வருவதால் ஹப், உள் டிஸ்க், வெளி டிஸ்க் என்று நசுங்கும் முகங்கள் கூடிக்கொண்டே போகும். நல்ல பட்டறையில் அந்த இடங்களை வெப்பம் தாங்கும் டேப்பால் மறைத்துவிட்டுத்தான் தூள் அடிப்பார்கள். மாட்டிய பிறகு ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, டார்க் ஸ்பேனரால் எல்லா நட்டையும் மறுபடி இறுக்கிப் பார்க்க வேண்டும். வீல் பேலன்ஸ் பார்க்கும்போது விளிம்பைக் கவ்வும் கிளிப் எடைக்குப் பதிலாக ஒட்டும் எடையைக் கேட்டு வாங்குவது நல்லது. கிளிப் கீறும் இடத்திலிருந்துதான் உப்பு முதலில் உள்ளே போகும். கழுவும்போதும் நல்ல தண்ணீரை முகத்தில் மட்டும் அடித்துவிட்டு நிறுத்தாமல், குழாயை ரிம்மின் உட்பக்கத்துக்கும் திருப்ப வேண்டும்.