கடைவீதி அழகாகட்டும், மூட்டை எங்கே இறங்கும்?

நகரங்களில் கடைவீதிகளைச் சீரமைக்கும் வேலை இப்போது பரவலாக நடந்து வருகிறது. அகலமான நடைபாதை, வரிசையாக விளக்குக் கம்பங்கள், உட்காரக் கல் இருக்கை, ஓரத்தில் மரக்கன்று, தரைக்கு அடியில் மின்கம்பி என்று வரைபடத்தைப் பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. மத்திய அரசு 2015-ல் தொடங்கி 2025 மார்ச்சில் முடித்த சீர்மிகு நகரத் திட்டத்தில் நம் மாநிலத்தின் 11 நகரங்கள் இடம் பெற்றன. அவற்றில் பல ஊர்களில் கடைவீதிகள் தோண்டப்பட்டுப் புதிதாகப் போடப்பட்டன. அந்தத் திட்டம் முடிந்துவிட்டாலும் இந்த வேலை நின்றுவிடப் போவதில்லை. இன்று அடுத்த ஊரில் நடப்பது நாளை நம் வாசலுக்கும் வரும்.

வியாபாரிகளாகிய நமக்கு இதில் எதிர்ப்பு எதுவும் இல்லை. ஜனங்கள் நிம்மதியாக நடந்து வந்தால்தான் கல்லாவில் காசு விழும். ஆனால் இத்தகைய வரைபடங்களில் ஒரு விஷயம் பெரும்பாலும் விட்டுப் போகிறது. லாரி எங்கே நிற்கும், மூட்டை எங்கே இறங்கும், எந்த நேரத்தில் இறங்கும் என்பதுதான் அது. அதைச் சேர்க்கச் சொல்ல வேண்டியவர்கள் நாமே. அதுவும் டெண்டர் விடுவதற்கு முன்பே சொல்லியாக வேண்டும்.

பாண்டி பஜார் கற்பிப்பது

நம் மாநிலத்தில் இதற்கு எல்லோரும் அறிந்த உதாரணம் சென்னை தியாகராய நகரின் பாண்டி பஜார். டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார் பெயரால் சௌந்தரபாண்டியனார் அங்காடி என்று வழங்கப்பட்ட வீதி இது. சாலைக்கு நீதிக்கட்சித் தலைவர் தியாகராயரின் பெயர். இங்கு ஏறத்தாழ 40 கோடி ரூபாய்ச் செலவில் அமைக்கப்பட்ட நடைபாதை வளாகம் 2019 நவம்பரில் திறந்து வைக்கப்பட்டது. வாகனங்களை முற்றிலும் நிறுத்திவிடவில்லை. வண்டி போகும் பாதையைக் குறுக்கி, இருபுறமும் நடைபாதையை அகலமாக்கினார்கள். குடும்பத்தோடு வருகிறவர்கள் குழந்தையின் கையை விட்டுவிட்டுக்கூட நடக்க முடிகிறது. உட்கார்ந்து இளைப்பாற இடம் இருக்கிறது. இளைப்பாறியவர் இன்னொரு கடையையும் எட்டிப் பார்ப்பார் என்பது வியாபாரம் தெரிந்த நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் அந்த வீதி எந்தச் சரக்கின் வீதி என்பதையும் கவனிக்க வேண்டும். துணி, நகை, செருப்பு, பாத்திரம் வாங்குகிறவர் ஒரு கைப்பையோடு போய்விடுவார். மளிகை மொத்தக் கடைவீதியின் கதை வேறு. சுற்றுக் கிராமத்திலிருந்து வரும் ஒரு சில்லறைக் கடைக்காரர் அரிசி, பருப்பு, சர்க்கரை என்று 50 கிலோ மூட்டை பத்து எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அது அரை டன். ஒரு நாளைக்கு இருபது பேர் வந்தால் ஒரே கடை வாசலிலிருந்து பத்து டன் வெளியே போக வேண்டும். அதே அளவு சரக்கு லாரியில் உள்ளே வந்தும் ஆக வேண்டும். பாண்டி பஜாரின் வரைபடத்தை அப்படியே எடுத்து வந்து இந்த வீதியில் விரித்தால், முதல் நாளே நடைபாதையின் மேல் மினி லாரி ஏறி நிற்கும். பதித்த கல் ஆறு மாதத்தில் பெயர்ந்துவிடும். பழி வியாபாரிகள் தலையில் விழும்.

டில்லியில் நேரம் பிரித்த விதம்

மொத்த வியாபாரம் நடக்கும் வீதியை எப்படிச் சீரமைப்பது என்பதற்கு டில்லியின் சாந்தினி சௌக்கைப் பார்க்கலாம். செங்கோட்டைக்கு எதிரிலிருந்து ஃபதேபுரி மசூதி வரை சுமார் 1.3 கிலோமீட்டர் நீளமுள்ள பழைய வீதி. அதன் மேற்கு முனையை ஒட்டியே காரி பாவ்லி இருக்கிறது. மிளகாய், மஞ்சள், ஏலக்காய், உலர்பழம் என்று வட இந்தியாவுக்கே சரக்கு அனுப்பும் பெரிய மசாலாச் சந்தை அது. 2018 டிசம்பரில் தொடங்கிய சாந்தினி சௌக் சீரமைப்பு வேலை முடிந்து 2021 செப்டம்பரில் வீதி முறைப்படி திறக்கப்பட்டது. காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை மோட்டார் வாகனங்கள் செல்லக் கூடாது, சரக்கு ஏற்றி இறக்குவது இரவு நேரத்தில் என்று விதித்தார்கள்.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. முதலாவது, வீதியில் இடம் போதாத போது நேரத்தைப் பிரித்துக்கொள்ளலாம் என்பது. பகலில் வாடிக்கையாளர், இரவில் சரக்கு. இரண்டாவது, நேரத்தைப் பிரிப்பது எழுத்தில் சுலபம், நடைமுறையில் செலவு என்பது. இரவு பத்து மணிக்கு லாரி வந்தால் கிடங்கைத் திறக்க ஆள் வேண்டும். சுமைதூக்கும் தொழிலாளர்களுக்கு இரவுக் கூலி வேண்டும். எடை பார்த்து, சரக்கின் தரம் பார்த்துக் கையெழுத்துப் போட ஒருவர் விழித்திருக்க வேண்டும். பெரிய கடை தாங்கிக்கொள்ளும். சின்னக் கடை தடுமாறும். ஆகவே நேரக் கட்டுப்பாடு வருவதானால், பகலிலும் ஒரு குறிப்பிட்ட வேளை, உதாரணமாக மதியம் இரண்டு மணி நேரம், சிறிய சரக்கு வண்டிகளுக்கு விடும்படி கேட்க வேண்டும். அல்லது குறுக்குத் தெரு ஒவ்வொன்றின் வாயிலிலும் சரக்கு இறக்க ஓர் இடத்தைக் கோடு போட்டு ஒதுக்கித் தரச் சொல்ல வேண்டும்.

சந்தையே இடம் மாறினால்

இதெல்லாம் அதிகாரிகள் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிடலாமே என்று சிலர் நினைக்கலாம். நெரிசல் முற்றிய சந்தைக்கு என்ன நேரும் என்பதைச் சென்னைக் கொத்தவால் சாவடி காட்டிவிட்டது. ஜார்ஜ் டவுனில் தலைமுறை தலைமுறையாக நடந்த அந்த மொத்தக் காய்கனி வியாபாரம் 1996-ல் கோயம்பேட்டுக்கு மாற்றப்பட்டது. கோயம்பேடு பின்னர் பெரிதாக வளர்ந்தது உண்மைதான். ஆனால் சந்தையை நம்பிப் பழைய இடத்தில் சாக்குக் கடை, தராசுக் கடை, டீக்கடை என்று நடத்தியவர்களின் பிழைப்பு சந்தையோடு சேர்ந்து மாறிவிடவில்லை.

திருச்சியிலும் காந்தி மார்க்கெட் மொத்த வியாபாரத்துக்காக மதுரை நெடுஞ்சாலையில் கள்ளிக்குடியில் வணிக வளாகம் கட்டி 2017-ல் திறந்தார்கள். தூரத்தைக் காரணம் காட்டி வியாபாரிகள் போக மறுத்தார்கள். கோடிக்கணக்கில் கட்டிய கடைகள் பூட்டிக் கிடந்தன. வியாபாரிக்கும் லாபமில்லை, அரசுக்கும் லாபமில்லை. இருக்கும் வீதியையே ஒழுங்கு செய்துகொண்டால் இந்த இரண்டு சங்கடமும் வராது. அதனால்தான் வீதிச் சீரமைப்பை நாம் நம் சொந்தக் காரியமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிறோம்.

அடியில் வேலை முடிந்த பிறகே மேலே கல்

எந்த வீதியானாலும் குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, மழைநீர் வடிகால், மின்சாரக் கேபிள், தொலைபேசிக் கேபிள் ஆகிய ஐந்தும் தரைக்கு அடியில் போகின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு துறை. ஒருவர் மூடியதை இன்னொருவர் தோண்டுவது நம் ஊர்களில் வாடிக்கை. பெங்களூரில் ரெசிடென்சி சாலை, செயின்ட் மார்க்ஸ் சாலை போன்றவற்றை ‘டெண்டர் ஷ்யூர்’ என்ற முறையில் சீரமைத்தபோது, இவற்றுக்கெல்லாம் தனித்தனிப் பாதை அமைத்து, இடையிடையே திறந்து பார்க்கும் தொட்டிகளும் கட்டினார்கள். பிறகு ஒரு கேபிள் இழுக்க வேண்டுமானால் மூடியைத் திறந்தால் போதும், சாலையை வெட்ட வேண்டியதில்லை. நம் வீதியிலும் எல்லாத் துறைகளும் ஒரே சமயத்தில் உட்கார்ந்து பேசியாகிவிட்டதா என்று கேட்காமல் முதல் கடப்பாரையை இறக்க விடக் கூடாது.

வடிகாலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2021 நவம்பர் மழையில் பாண்டி பஜார் உள்ளிட்ட தியாகராய நகர் தெருக்களில் வெள்ளம் நின்றது. மேலே எத்தனை அழகாகக் கல் பதித்தாலும், வடிகால் போய்ச் சேரும் கால்வாய் அடைபட்டிருந்தால் தண்ணீர் கடைக்குள்தான் வரும். நம் வீதியின் தண்ணீர் எந்தக் கால்வாயில் போய் விழுகிறது, அது தூர்வாரப்பட்டிருக்கிறதா என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

அடுத்தது வாசல் மட்டம். பழைய தார் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுச் சாலை உயர்ந்து, கடைகள் பள்ளத்தில் இறங்கிய ஊர்கள் எத்தனையோ. துணி நனைந்தால் காய வைக்கலாம். சர்க்கரை மூட்டை நனைந்தால் மிஞ்சுவது சாக்குதான். பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று 2021 மே மாதத்தில் அப்போதைய தலைமைச் செயலாளர் இறையன்பு துறைகளுக்கு அறிவுறுத்தினார். வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு கடையின் வாசற்படி மட்டத்தையும் அளந்து எழுதி, ஒப்பந்தக்காரரிடம் ஒரு பிரதி கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொள்வது நல்லது.

நடைபாதையின் உயரமும் முக்கியம். இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012-ல் வெளியிட்ட வழிகாட்டு விதிகள், தடையின்றி நடக்கும் அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும் என்றும், ஓரக்கல்லின் உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்றும் சொல்கின்றன. சில கடைகளுக்கு ஒன்றாக ஓரக்கல்லைச் சரித்து இறக்கினால் கைவண்டி ஏறும். முதியவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் ஏறுவார்கள். வண்டிகளைத் தடுக்க நடும் குட்டைத் தூண்களுக்கு நடுவிலும் கைவண்டி நுழையும் இடைவெளி வேண்டும். வெளியூரிலிருந்து கொள்முதலுக்கு வருகிறவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, சுத்தமான கழிப்பறை ஒன்று அவசியம். விளக்குக் கம்பத்தில் ஒன்றிரண்டைக் குறைத்தாவது இதைக் கேட்கலாம்.

நடைபாதையும் நிறுத்துமிடமும்

கேட்கிறவர்கள் கொடுக்கவும் தயாராக இருக்க வேண்டும். வாசலுக்கு வெளியே எண்ணெய் டின்னும் உப்பு மூட்டையும் அடுக்கிய கடைக்காரர், நடைபாதை வியாபாரியை ஆக்கிரமிப்பாளர் என்று சொன்னால் எந்த அதிகாரியும் காது கொடுக்க மாட்டார். அதுபோலக் கடை வாசலில் காலை 9 மணிக்கு நிறுத்திய வண்டி இரவு 9 மணி வரை நின்றால், அந்த இடம் ஒரே ஒருவருக்குத்தான் உதவியது. அரை மணி நேரத்துக்கு ஒருவர் என்று விட்டால் அதே இடத்தில் 24 வாடிக்கையாளர்கள் வந்து போயிருப்பார்கள். முதலாளிகளும் சிப்பந்திகளும் தங்கள் வண்டிகளைப் பின்தெருவில் விட ஒரு மனையைச் சங்கமே வாடகைக்கு எடுக்கலாம்.

தெருவோர வியாபாரிகளைப் பற்றியும் நிதானமாக யோசிக்க வேண்டும். பாண்டி பஜாரில் அவர்களை 2013-ல் அடுக்குமாடி வளாகத்துக்கு மாற்றினார்கள். மாடி ஏறி வாங்க ஆள் வரவில்லை என்ற குறை அவர்களுக்கு இருந்தது. 2014-ல் வந்த தெருவோர வியாபாரிகள் சட்டம், ஒவ்வொரு ஊரிலும் நகர விற்பனைக் குழு அமைக்கச் சொல்கிறது. அதில் குறைந்தது 40 சதவீதம் தெருவோர வியாபாரிகளே இருக்க வேண்டும். வணிகர் சங்கங்களின் பிரதிநிதித்துவத்துக்கும் அந்தச் சட்டத்தில் வழி உண்டு. அந்த நாற்காலி காலியாக இருக்குமானால் நமக்குப் பதிலாக வேறு யாரோ பேசுவார்கள்.

வேலை நடக்கும் மாதங்கள்

சீரமைப்பில் மிக அதிகமாக நஷ்டம் வருவது வேலை நடக்கும் காலத்தில்தான். ஆறு மாதம் வீதி அடைபட்டால் சில்லறைக் கடைக்காரர் வேறு ஊர் மண்டியில் பற்றுக் கணக்குத் தொடங்கிவிடுவார். வீதி திறந்த பிறகு அவர் திரும்பி வருவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆகவே முழு வீதியையும் ஒரேயடியாகத் தோண்டாமல், நூறு மீட்டர் நூறு மீட்டராக, ஒரு பக்கம் முடிந்த பிறகு மறுபக்கம் என்று வேலை நடக்க வேண்டும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்திய ஒரு மாதம் புதிய இடத்தில் தோண்டக் கூடாது. இவை ஒப்பந்தப் பத்திரத்திலேயே நிபந்தனையாக ஏற வேண்டும். வாய்மொழி உறுதி ஒப்பந்தக்காரரைக் கட்டுப்படுத்தாது. வேலை முடிந்த பிறகு எத்தனை ஆண்டு பராமரிப்பு, யார் பொறுப்பு என்பதும் அதிலேயே வர வேண்டும்.

இத்தனையும் கேட்பதற்கு நம் கையில் கணக்கு இருக்க வேண்டும். ஆகவே அங்கத்தினர்கள் ஒரு காரியம் செய்யும்படி கேட்டுக்கொள்கிறோம். ஒரு வாரம், திங்கள் முதல் சனி வரை, உங்கள் கடைக்கு வந்த சரக்கு வண்டிகள் எத்தனை, எந்த நேரம், எத்தனை மூட்டை இறங்கியது, எத்தனை ஏறியது, வண்டி எத்தனை நிமிடம் நின்றது என்று ஒரு நோட்டில் குறித்துச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். நூறு கடைகளின் கணக்கு ஒன்றாகச் சேர்ந்தால், வரைபடம் போடும் பொறியாளரின் மேஜையில் வைக்க நம்மிடம் உறுதியான ஒரு தாள் இருக்கும். ‘கஷ்டமாக இருக்கிறது’ என்று நூறு பேர் சேர்ந்து சொல்வதைவிட அந்த ஒரு தாளுக்குப் பலம் அதிகம்.