படகு திரும்ப ஓர் இடம்!

மாட்டு வண்டியை நடுத்தெருவில் திருப்பிவிடலாம். 70 அடி நீளப் படகை ஒடுக்கமான கால்வாயில் திருப்ப முடியுமா?

முடியாது! இங்கிலாந்துக் கால்வாய்ப் படகின் அகலம் 7 அடிதான். நீளமோ கால்வாயின் அகலத்தைவிட அதிகம். குறுக்கே திருப்பினால் இரண்டு கரையிலும் முட்டிக்கொண்டு நின்றுவிடும்.

அதனால் ஆங்காங்கே ஒரு கரையை மட்டும் முக்கோணமாக வெட்டி அகலப்படுத்தி இருக்கிறார்கள். படகின் மூக்கை அதற்குள் நுழைத்துப் பின்பக்கத்தை மெல்லச் சுற்றவேண்டும். படகு திரும்பிவிடும்! காற்றும் கொஞ்சம் கைகொடுக்கும்.

இங்கிலாந்தில் தொடங்கி வேல்சுக்குள் போவது மான்ட்கோமரி கால்வாய். நீளம் 35 மைல். 1936-ல் அதன் கரை உடைந்தது. யாரும் அடைக்கவில்லை. 1944-ல் சட்டம் போட்டே அதைக் கைவிட்டார்கள். வெல்ஷ்பூல் ஊரில் கால்வாய் இருந்த இடத்தில் சாலை போடவும் திட்டம் வந்தது.

விடுவார்களா? 1969-ல் தொண்டர்கள் மண்வெட்டியுடன் இறங்கினார்கள். அன்று தொடங்கிய வேலை, பல ஆண்டுகளாகத் துண்டு துண்டாக நடந்தது.

இதில்தான் ஒரு சிக்கல். எவ்வளவு தூரம் செப்பனிட்டாலும், கடைசியில் திரும்ப இடம் வேண்டும். இல்லையென்றால் வந்த படகு பின்னாலேயே ஊர்ந்து போகவேண்டும். அப்படிப்பட்ட இடத்துக்கு யார் படகை ஓட்டி வருவார்கள்?

2023-ல் கிரிக்ஹீத் வரை கால்வாய் திறக்கப்பட்டது. முன்பு சரக்கு ஏற்றிய பழைய துறை அது; கால்வாய் அங்கே அகலம். இப்போது அங்கே படகுகள் வந்து திரும்புகின்றன.