ஒருவர் திறந்த கதவு

நம் வீட்டுச் செய்தியை நாம் வெளியிடாதவரை அது பிறர் கைக்குச் செல்லாது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். முகநூலில் இவ்வெண்ணம் செல்லுபடியாகாது என்பதை 2018-ஆம் ஆண்டு நமக்குக் காட்டிற்று. குணத்தைக் கணித்துச் சொல்வதாகக் கூறிய வினாவிடைச் செயலி ஒன்றை இந்தியாவில் ஏற்றவர்கள் 335 பேரே. ஆயினும், அவர்களுடைய நண்பர்களையும் சேர்த்து ஏறத்தாழ 5,62,000 இந்தியரின் விவரங்கள் கேம்பிரிட்ஜ் அனலிட்டிக்கா என்னும் அரசியல் ஆலோசனை நிறுவனத்துக்குச் சென்றிருக்கக்கூடும் என முகநூல் நிறுவனமே அறிவித்தது. வினாவுக்கு விடையளித்தவர் ஒருவர். விவரங்களைப் பறிகொடுத்தோரோ அவரை நண்பராக ஏற்றதன்றி வேறொன்றும் செய்யாதவர்கள்!

அந்த வழி 2015-இலேயே அடைக்கப்பட்டுவிட்டது. ஆனால், உறவினர் வழியாகச் செல்லும் விவரத்தை எந்த நிறுவனம் அடைக்கும்? புதுநன்மை விழாவன்று சிறுமியின் படத்தைச் சித்தப்பா அன்போடு வெளியிடுகிறார். முழுப்பெயர், பங்கு, பள்ளிச் சீருடைப் படம் ஒன்று, பின்னணியில் வீட்டு வாயில், அடுத்த மாதம் பிறந்தநாள் வாழ்த்து. இவற்றைச் சேர்த்துப் பார்க்கும் அந்நியனுக்கு அக்குழந்தையைப் பெயர் சொல்லி அழைக்க வேறென்ன தேவை?

நம் பெயரை இணைத்து இடப்படும் பதிவுகளை முன்கூட்டியே பார்த்து ஒப்புதல் தரும் வசதி முகநூலில் உண்டு. ஆயினும் அது நம் பக்கத்தை மட்டுமே காக்கும். சித்தப்பாவின் பக்கத்தில் படம் இருக்கத்தான் செய்யும். எனவே அவரிடமே பேசுதல் வேண்டும். விருந்துண்ண வந்தவரிடம் இதைச் சொல்வது சற்றுச் சங்கடந்தான். அழைப்பிதழ் கொடுக்கச் செல்லும்போதே, "படங்களைக் குடும்பத்தாருக்கு மட்டும் அனுப்புங்கள், தம்பி" என்று சொல்லிவிட்டால் மனத்தாங்கலுக்கு இடமிராது. சிறுமியின் விருப்பத்தையும் அப்போதே கேட்டுவிடலாம்.