திருவாதிரைக்கு ஒரு முஷ்டி மேலே

சம்பாக் கதிர் பால் பிடிக்கும் மார்கழியில், தஞ்சாவூர்ப் பக்கம் இரவு எட்டு மணிக்கு வரப்பில் நின்று கிழக்கே பாருங்கள். சிவந்து மின்னுவது திருவாதிரை. கையை நீட்டி, அதற்கு ஒரு முஷ்டி மேலே பார்த்தால் வெறும் இருட்டுதான். அங்கேதான் 400 கோடி ஆண்டுக்கு முந்தைய ஒளியை அனுப்பும் ஒரு விண்மீன் மண்டலம் இருக்கிறது. 2017 செப்டம்பர் 22 அன்று தென்துருவப் பனிக்குள் ஐஸ்கியூப் என்ற உணர்கருவி பதிவுசெய்த நியூட்ரினோத் துகள், பெரும்பாலும் அங்கிருந்து வந்ததே.

எப்படி? அந்த மண்டலத்தின் நடுவிலுள்ள ராட்சதக் கருந்துளை நம்மை நோக்கித் துகள்களைப் பீய்ச்சுகிறது. வேகமெடுத்த புரோட்டான் ஒளியோடு மோத, பையான் என்ற துகள் பிறக்கிறது. அது சிதைந்து நியூட்ரினோ. மின்னூட்டம் இல்லாததால் காந்தப்புலம் இதை வளைக்காது.

2023 பிப்ரவரி 13 அன்று மத்திய தரைக்கடலடியில் சிக்கிய நியூட்ரினோவோ ஐஸ்கியூப் பிடித்ததைவிடச் சுமார் 700 மடங்கு ஆற்றல் கொண்டது. அதன் பிறப்பிடம் இன்னும் பிடிபடவில்லை.