விடியலில் செத்த கெண்டைகள்

எங்க வயலோட வடிதண்ணி நேரா கீழ் ஏரிக்குப் போகும். சில வருசம் முன்னால, ஒரு விடியக்காலையில அந்த ஏரிக் கெண்டைகள் மேலே வந்து வாயைப் பிளந்துகிட்டு நின்றன. பொழுது ஏறுவதற்குள் செத்து மிதந்தன. ‘எவனோ விஷம் வச்சுட்டான்’ என்று நானும் திட்டினேன்.

விஷமில்லை, உரம். 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து சுமார் 20 கிலோ. பயிர் எடுத்தது போக மிச்சத்தில் ஒரு பங்கு வடிதண்ணியோடு ஓடிவிடுகிறது. டி.ஏ.பி.யின் மணிச்சத்தும் கரைந்தோடும் மண்ணோடு சேர்ந்து போகிறது. இதைத் தின்று ஏரியில் பாசி கொழுக்கிறது. பகலில் பிராணவாயு விடும் பாசி, இரவில் அதையே இழுத்துக்கொள்ளும். செத்த பாசியை மட்க வைக்கும் நுண்ணுயிர்களும் இழுக்கும். விடியும் நேரத்தில் தண்ணீரில் மூச்சுக்காற்று இருக்காது. மேலே வந்து காற்றைக் குடிக்கும் விரால் தப்பிக்கும், கெண்டை சாகும்.

மழை கருக்கும்போது யூரியா வீசியவன் நான்தான். இப்போது தக்கைப்பூண்டு மடக்கி உழுகிறேன், வடிவாய்க்காலில் புல் வளர விட்டிருக்கிறேன். இயற்கை விவசாயம்தானே என்று சாணத்தை ஏரிக்கரையில் குவித்தாலும் இதே கதிதான்.

உங்க வயல் தண்ணி எங்கே போகுதுன்னு ஒரு தடவை கூடவே நடந்து பாருங்க.