ஒரு சொம்பை எத்தனை நாள் பார்க்கலாம்?

வடிவமைப்புக் கல்லூரியில் சேரும் பிள்ளைக்கு முதல் பருவத்தில் கொடுக்கும் வேலை பெற்றோரைப் பல நேரம் திகைக்க வைக்கிறது. வீட்டில் கிடக்கும் கரண்டி, சொம்பு, துணிக் கிளிப் என்று ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். அதை நாள்கணக்கில் பார்க்க வேண்டும், அளக்க வேண்டும், நாலு பக்கத்திலிருந்தும் வரைய வேண்டும், யார், எந்த நேரத்தில், எந்தக் கையால், எப்படிப் பிடிக்கிறார்கள் என்று எழுத வேண்டும். புதிதாக எதையும் செய்துவிடக் கூடாது. கடன் வாங்கிக் கட்டணம் கட்டிச் சேர்த்த பிள்ளை கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், இதற்கா இவ்வளவு செலவு என்று தோன்றத்தான் செய்யும்.

இதற்குத்தான். இந்தியாவில் வடிவமைப்புக் கல்வி என்று ஒன்று தொடங்கியதே ஒரு சொம்பை நின்று நிதானமாகப் பார்த்ததில்தான்.

கைத்தறிக்காக வாழ்நாள் முழுக்க உழைத்த புபுல் ஜெயகர், 1955இல் நியூயார்க்கில் நடந்த இந்தியத் துணிக் கண்காட்சியின்போது அமெரிக்க வடிவமைப்பாளர் சார்லஸ் ஈம்ஸைச் சந்தித்தார். அந்தப் பழக்கம் வளர்ந்து, சார்லஸையும் அவர் மனைவி ரே ஈம்ஸையும் இந்திய அரசு அழைத்தது. செலவை ஃபோர்டு அறக்கட்டளை ஏற்றது. இருவரும் மூன்று மாதம் நாட்டைச் சுற்றினார்கள். ஆலைப் பொருள்கள் பெருகும் காலத்தில் நம் பொருள்களின் தரம் கெடாமலிருக்க எப்படிப்பட்ட பயிற்சி வேண்டும் என்று சொல்வது அவர்கள் பொறுப்பு. 1958 ஏப்ரலில் அறிக்கை வந்தது. அதில் அவர்கள் கொண்டாடியது அரண்மனையையோ கோபுரத்தையோ அல்ல. தண்ணீர் மொள்ளும் லோட்டாவை, நம் வீட்டுச் சொம்பை. பார்த்த பொருள்களிலேயே ஆகச் சிறந்தது இதுதானோ என்று வியந்தார்கள்.

வியப்போடு விட்டிருந்தால் அது வெறும் பாராட்டாகப் போயிருக்கும். இன்று ஒருவர் சொம்பைப் புதிதாக வடிவமைக்க உட்கார்ந்தால் எதையெல்லாம் யோசிக்க வேண்டும் என்று அவர்கள் ஒரு நீண்ட பட்டியல் போட்டதில்தான் பாடம் இருக்கிறது. ஒரு தடவைக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்? தூக்குவது ஆணின் கையா, பெண்ணின் கையா, எவ்வளவு பலமுள்ள கை? தலையிலா, இடுப்பிலா, கையிலா, வண்டியிலா? காலியாக இருக்கும்போது எடை எங்கே நிற்கிறது, நிறைந்தபின் எங்கே? ஊற்றும்போது தண்ணீர் எப்படி விழுகிறது? உள்ளே கை போய்த் தேய்க்க முடிகிறதா? சூடானதை ஊற்றினால் பிடிக்க முடியுமா? கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் எப்படி இருக்கிறது? கல்லில் பட்டால் என்ன சத்தம்? என்ன விலை? பழசாகிவிட்டால் உலோகத்துக்கு என்ன கிடைக்கும்? வெயில் பட்டால் எப்படி மின்னுகிறது? இன்னொருவருக்குக் கொடுக்கும்போது மனசுக்கு எப்படி இருக்கிறது?

கடைசிக் கேள்விகளைக் கவனியுங்கள். அளவும் எடையும் மட்டும் போதும் என்று அவர்கள் நினைக்கவில்லை. சீர்வரிசையில் வந்த சொம்பும் அவசரத்துக்கு வாங்கிய பிளாஸ்டிக் குவளையும் ஒரே அளவு தண்ணீர் பிடிக்கலாம். வீட்டில் இரண்டுக்கும் இடம் வேறு.

சொம்பை யாரோ ஒரு மேதை ஒரே நாளில் வடிவமைக்கவில்லை. எத்தனையோ தலைமுறைக் கைகள் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்தியது அது. அவ்வளவு காலம் நமக்கு இனி இல்லை என்பதால் அந்தத் திருத்தத்தை அறிந்து செய்யும் ஆட்களைப் பயிற்றுவிக்க வேண்டும் என்பது ஈம்ஸ் தம்பதியின் வாதம். அதன் வழியாக 1961இல் அகமதாபாதில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் பிறந்தது. பின்னாளில், 1970-71இல் ஹார்வர்டில் பேசியபோது சார்லஸ் ஈம்ஸ் நம் வாழையிலையையும் எடுத்துக்கொண்டார். ஏழை இலையில் சாப்பிடுகிறார். வசதி ஏற ஏறத் தட்டு மண், பித்தளை, வெண்கலம், வெள்ளி, பொன் என்று மாறுகிறது. வசதியோடு விவரமும் தெரிந்தவர் கடைசியில் இலைக்கே திரும்பிவிடுகிறார் என்றார். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த எவருக்கும் இது புதிதில்லை. ஆனால் நாம் பழக்கத்தால் செய்வதற்கு ஒரு அந்நியர் காரணம் தேடினார். மாணவர் தன் வீட்டுக்குள்ளேயே அப்படி அந்நியராக நின்று பார்க்கப் பழக வேண்டும்.

இந்தப் பயிற்சிக்குக் காஞ்சிபுரத்தைவிட நல்ல பள்ளிக்கூடம் தமிழ்நாட்டில் இருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

சின்ன காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் மடைப்பள்ளியில் இட்லிக்குத் தட்டு கிடையாது. மூங்கிலில் முடைந்த நீளமான குடலைதான் பாத்திரம். உள்ளே மந்தாரை இலையைச் சுற்றிலும் பரப்பி, மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்த மாவை ஊற்றி, மணிக்கணக்கில் ஆவியில் வைக்கிறார்கள். வெளியே எடுத்தால் ஏறத்தாழ ஒரு முழ நீளத்துக்கு ஒரே இட்லி. அதை வில்லை வில்லையாக நறுக்கிப் பிரசாதமாகத் தருகிறார்கள். இங்கே ஒரு மாணவர் கேட்க வேண்டிய கேள்விகள் ஏராளம். இவ்வளவு கனமான மாவு நடுவில் வேகாமல் போகாதா? குடலை ஒடுக்கமாக இருப்பதால் ஆவிக்கும் நடுப்பகுதிக்கும் தூரம் குறைவு. பின்னலின் இடைவெளி வழியாக எல்லாப் பக்கமும் ஆவி புகுகிறது. அந்த இடைவெளியில் மாவு ஒழுகாதா? அதற்கு இலை. இலை மாவைத் தாங்குகிறது, ஒட்டாமல் கழற்ற உதவுகிறது, மணமும் தருகிறது. நீளமாக இருப்பதால் ஒரே தடவை வேகவைத்துப் பலருக்குப் பங்கிடலாம். வில்லைகளும் ஒரே அளவாக வரும். கூட்டத்துக்குப் பங்கிடும் பண்டத்துக்கு இது முக்கியம்.

சென்னையில் வளர்ந்து, அகமதாபாத் நிறுவனத்தில் பல தலைமுறை மாணவர்களுக்கு ஆசிரியராக இருந்த எம்.பி. ரஞ்சன், வடகிழக்கு மாநிலங்களின் மூங்கில், பிரம்புப் பொருள்களைப் பற்றிச் சக ஆய்வாளர்களோடு 1986இல் ஒரு பெரிய நூலைக் கொண்டுவந்தார். ஒவ்வொரு கூடையும் எப்படித் தொடங்கி எப்படி முடிகிறது, அடி எப்படி, விளிம்பு எப்படி என்று படம் போட்டுக் காட்டும் நூல் அது. குடலைக்கும் அப்படி ஒரு படம் வேண்டும். இட்லியின் சுவையைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை; குடலையை முடைந்தவரின் கையைப் பற்றித்தான் யாரும் எழுதுவதில்லை.

தறிக்கு வருவோம். காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறி வீட்டுக்குள் போனால் நெசவாளர் தரை மட்டத்தில் உட்கார்ந்திருப்பார். கால் இரண்டும் குழிக்குள் மிதியில். கோர்வைச் சேலை என்றால் ஊடை என்ற குறுக்கிழையை ஓட்டும் நாடா மூன்று: வலக்கரைக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, இடக்கரைக்கு ஒன்று. உடலின் ஊடையும் கரையின் ஊடையும் சேரும் இடத்தில் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு திரும்ப வேண்டும். இது ஒவ்வொரு ஓட்டத்திலும் நடக்க வேண்டும். சேலை கிழிந்தாலும் கரை பிரியாது என்று காஞ்சிப் பட்டுக்குச் சொல்வது இந்தப் பிடிப்பினால்தான். முந்தி வேறு நிறமென்றால் அந்த இடத்தில் பாவையே, அதாவது நெடுக்கிழைகளையே, மாற்ற வேண்டும். பழைய இழைகளோடு புதிய இழைகளைப் பிணைக்கும் அந்த வேலைக்குப் பிட்னி என்று பெயர்.

அகமதாபாத் நிறுவனத்தின் மாணவர்களும் சென்னைத் தரமணியில் 1995 முதல் இயங்கும் நிஃப்ட் என்ற ஆடை வடிவமைப்பு நிறுவனத்தின் மாணவர்களும் கைவினை ஊர்களில் போய்த் தங்கி, ஒரு தொழிலை அடியிலிருந்து முடிவரை ஆவணப்படுத்துவது படிப்பின் ஒரு பகுதி. காஞ்சிபுரத்தின் பெயரையே தாங்கிய ஐஐஐடிடிஎம் என்ற மத்திய அரசுக் கல்லூரி 2007இல் தொடங்கியது. அதன் வளாகம் இருக்கும் மேலக்கோட்டையூர், 2019இல் மாவட்டம் பிரிந்தபோது செங்கல்பட்டோடு போய்விட்டது. அங்கே கணினி, மின்னணுப் பொறியியல் படிப்பவர்களும் வடிவமைப்புப் பாடங்களைப் படித்தாக வேண்டும். ஆக, தறியைப் பார்க்கப் பயிற்சி பெற்ற கண்கள் பக்கத்திலேயே நிறைய இருக்கின்றன.

ஆனால் பலர் எதைப் பார்க்கிறார்கள் என்பதில்தான் எனக்கு வருத்தம். ஊருக்கு வந்ததும் செல்பேசியில் கோபுரத்தையும் மயிலையும் யாளியையும் படம் பிடிக்கிறார்கள். அது பிறகு குவளையிலும் பையிலும் நோட்டு அட்டையிலும் ஏறுகிறது. மல்லி மொக்கு, ருத்ராட்சம், தாழம்பூ, மயில்கண், வைர ஊசி என்று கரைக்கும் புட்டாவுக்கும் பெயர் வைத்தவர்கள் தங்களைச் சுற்றி இருந்ததை உற்றுப் பார்த்து, அதை இழைக் கணக்காக மாற்றியவர்கள். அவர்கள் பார்த்து முடித்ததை எடுத்துக்கொள்வது சுலபம். அவர்கள் பார்த்த விதத்தைக் கற்பதற்குத் தறியோரம் உட்கார வேண்டும்.

உட்கார்ந்தால் தெரிவது வேறு. நாடாவில் விரல் படும் இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருக்கும். உட்காரும் பலகையில் பழைய துணி மடித்துப் போட்டிருக்கும். விளக்கு இறக்கிக் கட்டியிருக்கும். தேய்மானம், ஒட்டுவேலை, பயன்படுத்துபவர் தானாகச் செய்துகொண்ட சிறு மாற்றம் இவற்றைத்தான் தேர்ந்த ஆசிரியர்கள் முதலில் தேடச் சொல்கிறார்கள். முதுகு எங்கே வலிக்கிறது என்று நெசவாளர் வாய்விட்டுச் சொல்லாமல் போகலாம். அந்த மடித்த துணி சொல்லிவிடும்.

இன்னொன்றும் தெரியும். இடக்கரை நாடாவைக் கொடுக்க இரண்டாவது ஆள் வேண்டும். முன்பு வீட்டுப் பிள்ளைகள் அந்த இடத்தில் உட்கார்ந்தார்கள். அவர்கள் தறியை விட்டுப் பள்ளிக்குப் போனது மிக நல்ல காரியம். ஆனால் அந்த இடத்துக்கு இப்போது ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கூலி கட்டுப்படியாவதில்லை. கோர்வை போடும் தறிகள் குறைந்துகொண்டே வருகின்றன. காஞ்சிப் பட்டுக்கு 2005இலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. இடப்பக்கத்துக் கைக்கு அது மாற்றாகாது. ஒரே ஆள் கோர்வை போட ஒரு வழி கண்டுபிடிப்பது, நூறு நோட்டு அட்டைகளைவிடப் பெரிய மாணவர் பணி.

நடக்காத காரியமா? தெலங்கானாவின் ஆலேர் ஊரில் சிந்தகிந்தி மல்லேசம் செய்து காட்டியிருக்கிறார். போச்சம்பள்ளிச் சேலைக்குச் சாயம் கட்டுவதற்குமுன் நூலை ஆணிகளில் முன்னும் பின்னும் சுற்றும் ஆசு என்ற வேலை உண்டு. ஒரு சேலைக்கு ஏறத்தாழ 9,000 தடவை கை போய் வர வேண்டும். அவருடைய அம்மா லட்சுமிக்குத் தோள் போயிற்று. ஆறாம் வகுப்போடு படிப்பை விட்ட மகன் அந்தக் கை போகும் வழியை ஆண்டுக்கணக்கில் பார்த்து, பிரித்து, மறுபடி பூட்டி, 1999இல் இயந்திரம் செய்து முடித்தார். அதற்கு அம்மா பெயரையே வைத்தார். 2017இல் பத்மஸ்ரீ கிடைத்தது. எந்த வடிவமைப்புக் கல்லூரியிலும் அவர் படித்ததில்லை. கல்லூரி சொல்லிக்கொடுக்க முயல்வது அவர் வீட்டிலேயே நடந்துவிட்டது.

மாணவருக்கு அத்தனை ஆண்டுகள் கிடைக்காது, ஒரு பருவம்தான். ஒரு பருவத்தில் இயந்திரம் வராது. நல்ல ஆவணம் வரும். அடுத்த ஆண்டு வருபவர் அதன்மேல் தொடரலாம். இதற்கு ஒரு தடை இருக்கிறது. இப்படி எழுதப்படுபவை பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, கல்லூரி நூலகத்துக்குப் போய்விடுகின்றன. தறி கொடுத்த வீட்டுக்கு ஒரு பக்கம்கூட வருவதில்லை. ஒரு தமிழ்ப் பிரதி அந்த வீட்டுக்கு, இன்னொன்று அந்த வட்டார நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு, அதன் பிறகுதான் மதிப்பெண் என்று கல்லூரிகள் ஒரு விதி வைக்கலாம். செலவு அதிகமில்லை. நெசவாளர் படத்தைத் திருப்பிப் பார்த்து, “இந்த இடத்தில் ஊடை இப்படித் திரும்பாது தம்பி” என்று திருத்திக் கொடுக்கவும் அப்போதுதான் வழி பிறக்கும்.