கடைமடைக்கும் கீழே ஒரு படகுப் பயணம்!

'ஆத்துத் தண்ணி எல்லாம் வீணா கடலுக்குப் போகுதே...' டெல்டா மாவட்டங்களில் மழைக்காலம்தோறும் கேட்கும் ஆதங்கம் இது. அந்தத் தண்ணீர் எங்கே போகிறது, என்ன செய்கிறது என்பதைக் கண்ணால் பார்க்க ஓர் இடம் இருக்கிறது. அது முத்துப்பேட்டை அலையாத்திக்காடு.

காவிரிப் பாசனத்தின் தென்கோடியில், திருவாரூர் மாவட்டத்தில் இருக்கிறது முத்துப்பேட்டை. பாமணியாறு, கோரையாறு, கிளைதாங்கியாறு போன்றவை வயல்களுக்குப் பாய்ந்து மீந்த தண்ணீரையும், வடிகால் தண்ணீரையும் சுமந்துவந்து இங்குள்ள லகூனில் சேர்க்கின்றன. அதற்கப்பால் பாக் நீரிணை. வனத்துறை அனுமதியோடு படகில் இங்கு போய் வரலாம்.

ஓதம் பார்த்துப் புறப்படு!

ஓடைகளில் பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர்கூட இருக்காது. இப்படிப்பட்ட இடத்துக்கு, மோட்டார் பொருத்திய சிறிய கேட்டமரான் தோதானது. 'கட்டுமரம்' என்ற நம் சொல்தான் ஆங்கிலத்துக்குப் போய் 'கேட்டமரான்' ஆனது. நம்முடையது, மரங்களைச் சேர்த்துக் கட்டியது. இன்றைய கேட்டமரான், இடைவெளி விட்டு இணைத்த இரண்டு ஓடங்கள். பாரம் இரண்டு பக்கமும் பிரிவதால் அதிகம் அமிழாது. ஆட்கள் ஒரு பக்கம் நகர்ந்தாலும் சட்டென்று கவிழாது.

படகைவிட முக்கியம், நேரம். ஓதம் ஏறும்போதே உள்ளே போக வேண்டும். அப்போது சேற்றில் தட்டினாலும், சற்று நேரத்தில் தண்ணீரே படகைத் தூக்கிவிடும். வற்றும்போது தட்டினால், அடுத்த ஏற்றம் வரை பல மணி நேரம் காத்துக்கிடக்க வேண்டியதுதான். ஓதம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம்.

வளைவுகளில் வெளிக்கரைப் பக்கமே ஆழம். உள்பக்கம் மணல் மேடு. ஆழம் குறைந்தால் மோட்டாரைத் தூக்கிவிட்டு, கழி ஊன்றித் தள்ள வேண்டும். இல்லையென்றால் இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீரோடு சேறும் ஏறி, இன்ஜின் சூடாகிவிடும். வேகமாகப் போனால் அலை அடித்துக் கரை சரியும், இளங்கன்றுகள் பெயர்ந்துவிடும்.

காடு சொல்லும் வடிகால் பாடம்

கரையெங்கும் சேற்றில் குச்சி நட்டதுபோல நிற்பவை அலையாத்தி மரங்களின் மூச்சுவேர்கள். இறால் குஞ்சுகளும் மீன்குஞ்சுகளும் வளரும் நாற்றங்கால் இதுதான்.

முன்பு, இங்கு மரங்கள் மொத்தமாக வெட்டப்பட்ட இடங்களில் மண் அமுங்கிப் பள்ளமானது. உள்ளே வந்த கடல்நீர் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பு ஏறியது; மரம் முளைக்கவில்லை. வடிகால் இல்லாத வயல் உவர்வதும் இப்படித்தானே! வனத்துறையும் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் கிராம மக்களோடு சேர்ந்து, மீன் முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டின. ஓதம் தடையின்றி வந்துபோனதும் உப்பு குறைந்தது. நட்ட கன்றுகள் பிழைத்தன.

ஆனால், வாய்க்கால் மட்டும் போதாது. கோடையில் ஆற்று நீர் நின்றதும் லகூனில் உப்பு ஏறுகிறது. கடல்நீர் ஆற்று வழியே மேலேறப் பார்க்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வரும் நன்னீர்தான் அதைத் திரும்பத் தள்ளுகிறது. ஏரி, குளத்தில் தேக்க வேண்டியதைத் தேக்கத்தான் வேண்டும். அதற்கு மேல் கடலுக்குப் போவது அத்தனையும் வீண் அல்ல. கடைமடை வயலுக்கும் கடலுக்கும் நடுவே காவல் நிற்கும் காட்டுக்கு, அதுதான் பாசனம்!